பல்கலைக்கழக இணையப் பாடங்கள் : ஒரு மதிப்பீடு

1966-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் கூடிற்று. மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் தலைவராக அப்பொழுது விளங்கிய தனிநாயகம் அடிகளாரின் பெருமுயற்சியால் பல நாட்டு அறிஞர்களும் ஓரிடத்தில் அமர்ந்து தமிழாய்வு நிகழ்த்தினர். அவர்கள் படித்த கட்டுரைகள் பின்னர் நூல் வடிவம் பெற்றன. ஆயினும், அக்கட்டுரைகளில் ஒன்றைப் படிக்க விரும்பிய கிள்ளான் தோட்டப்புறத்துத் தமிழாசிரியர் ஒருவர், பேருந்தேறிப் பந்தாய்ப் பள்ளத்தாக்கிலுள்ள பல்கலைக்கழக நூலகத்துக்கே செல்லவேண்டியிருந்தது. சென்றாலும் அவற்றுட் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் அமைந்திருக்கக் கண்டிருப்பார். பல்கலைக்கழகம் என்பது மதிலும் வாயிலும் உடையது. உள்ளே இருப்பவர்க்கு ஊற்று, வெளியே இருப்பவர்க்குக் கானல் என்ற நிலை நெடுங்காலம் நீடித்தது.

அந்த மதில் தளர்ந்த ஆண்டு 2001 எனலாம். அவ்வாண்டு பிப்ரவரித் திங்களில் தமிழ்நாட்டரசு தமிழ் இணையப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கியது. ஏப்ரல் திங்களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், தன் பாடங்களையெல்லாம் எவரும் கட்டணமின்றிக் காணுமாறு இணையத்தில் வைக்கப்போவதாக அறிவித்தது. ஆகஸ்டுத் திங்களில் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றது. உலகின் பெரும் பல்கலைக்கழகங்களோடு ஒரே ஆண்டில் தமிழும் அடியெடுத்து வைத்தது சிறிய செய்தியன்று. எழுத்துருச் சிக்கலே தீராத காலம் அது. ஒரு தளத்துக்கு ஓர் எழுத்துரு என இறக்கிக்கொள்ளாவிடில் திரையில் தமிழுக்கு மாறாகப் புரியாக் குறிகளே தோன்றும். அந்நாளில் ஒரு பல்கலைக்கழகத்தையே இணையத்தில் நிறுவத் துணிந்தவர்களின் ஊக்கம் போற்றத்தக்கது.

தொடங்கியவர்களுள் தலையாயவர் முனைவர் வா. செ. குழந்தைசாமி ஆவார். குலோத்துங்கன் என்னும் பெயரில் கவிதை எழுதியவர். தொழிலால் நீர்வளப் பொறியியல் அறிஞர். அண்ணா பல்கலைக்கழகத்துக்கும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கும் துணைவேந்தராய் இருந்தவர். கலையும் அறிவியலும் ஒருங்கே கைவரப்பெற்ற ஒருவர் வழிநடத்திய நிறுவனம், அறிவியலை விடுத்துத் தமிழியலை மட்டும் பாடமாக வகுத்துக்கொண்டது எண்ணிப்பார்க்கத் தக்கது. சான்றிதழ், பட்டயம், பட்டம் என்று படிநிலைகள் அமைந்தன. இலக்கியம், இலக்கணம், பண்பாடு, வரலாறு எனப் பாடங்கள் விரிந்தன. 2010-இல் அந்நிறுவனம் தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. 2017-இல் அதன் மின்னூலகம் புதிய வடிவில் திறக்கப்பட்டது. மலேசியத் தமிழ் மாணவர் ஒருவர் இணையத்தில் தமிழிலக்கியம் பற்றி எதைத் தேடினாலும் இக்கழகத்தின் பக்கமொன்றைத் தொடாமல் திரும்புதல் அரிது. ஆகவே இதனையே முதற்கண் மதிப்பிடுதல் பொருந்தும்.

இக்கழகத்தின் தளத்தில் இரண்டு கூறுகள் உள்ளன. ஒன்று நூலகம், மற்றொன்று பாடம். இரண்டும் ஒரு கூரையின்கீழ் இருந்தாலும் தரத்தால் வேறுபட்டவை.

நூலகம் ஒப்புயர்வற்றது. தொல்காப்பியம் உரைகளோடு கிடைக்கிறது. சங்க நூல்கள் உரையோடு கிடைக்கின்றன. ஒரு சொல்லைக் கொண்டோ புலவர் பெயரைக் கொண்டோ பாடலைத் தேடியெடுக்கலாம். பெரியசாமித் தூரன் தலைமையில் பத்துத் தொகுதிகளாக உருவான கலைக்களஞ்சியமும் உண்டு. ஒரு தலைமுறைக்கு முன் பிரிக்பீல்ட்ஸ் புத்தகக் கடையில் சொல்லிவைத்து, சென்னையிலிருந்து பொதி வரும்வரை மாதக்கணக்கில் காத்திருந்து பெற்ற நூல்கள் இன்று கைப்பேசிக்குள் அடங்கிவிட்டன. இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது 1998-இல் தன்னார்வலர்கள் தொடங்கிய மதுரைத் திட்டம். அது பல்கலைக்கழக முயற்சியன்று; ஆயினும் எந்தப் பல்கலைக்கழகமும் வெட்கமின்றிக் கடந்துபோக முடியாத முயற்சி. ஈழத்து நூல்களுக்கு 2005-இல் தோன்றிய நூலகம் நிறுவனம் அத்தகைய தொண்டு ஆற்றி வருகிறது.

பாடப்பகுதிக்கு வருங்கால் பாராட்டைச் சற்று நிறுத்திவைக்க நேர்கிறது. பாடங்கள் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. முதலில் பாடம் எதனைப் பற்றியது என்ற குறிப்பு, அடுத்து அதனைப் படிப்பதால் விளையும் பயன், பின்னர்ச் சிறுசிறு தலைப்புகளாகப் பிரிக்கப்பட்ட செய்திகள், நடுவிலும் இறுதியிலும் தன்மதிப்பீட்டு வினாக்கள், முடிவில் தொகுப்புரை. தொலைநிலைக் கல்விக்கென வகுக்கப்பட்ட இவ்வமைப்பில் ஒழுங்கு உண்டு. ஆசிரியர் அருகில் இல்லாத மாணவனுக்கு ஒழுங்கு வேண்டும் என்பதும் மறுக்கவொண்ணாதது. எனினும் அந்த வினாக்களைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். நூலின் ஆசிரியர் யார், பாடல்கள் எத்தனை, வகைகள் யாவை என்பனவே அவற்றுட் பல. ஒவ்வொரு வினாவின் பக்கத்திலும் விடை என்ற சொல் நிற்கிறது. அதைத் தொட்ட அளவில் விடை தோன்றுகிறது. பள்ளிக்கூடத்தில் வினாத்தாளோடு விடைத்தாளையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு, நேர்மையாக எழுதுக என்று சொல்லும் ஆசிரியர் எவரும் இலர்.

விடை அருகில் இருப்பதைவிட, வினா மாணவனைப் பாடலிடம் திருப்பி அனுப்பாமையே பெருங்குறை. குறுந்தொகையில் செம்புலப் பெயனீராரின் பாடலை எடுத்துக்கொள்ளலாம். செம்மண் நிலத்தில் பெய்த மழைநீர் அம்மண்ணோடு கலந்து ஒன்றாதல்போல் இருவர் நெஞ்சமும் கலந்தன என்பதே அதன் கருத்து என ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆறாம் படிவ மாணவன் அந்த வரியை மனனம் செய்து தேர்வில் எழுதிவிடுவான். ஆனால், அப்பாடல் மழையிலிருந்து தொடங்கவில்லையே! தாயர் யார், தந்தையர் என்ன உறவு, ஒருவரையொருவர் எவ்வாறு அறிந்தோம் என்று மூன்று வினாக்களைத் தலைவன் முதலில் அடுக்குகிறான். உவமை அதன்பின்னரே வருகிறது. ஏன்? தலைவன் பிரிந்துவிடுவானோ என அஞ்சிய தலைவியின் முகக்குறிப்பைக் கண்டு அவன் தேற்றுகிறான் என்று துறைக்குறிப்பு உரைக்கிறது. தேற்றுபவன் முதலில் உறவின்மையை ஏன் நினைவூட்டுகிறான்? குலமும் ஊரும் கேட்டே திருமணம் பேசும் சமுதாயத்தில் வளர்ந்த கிள்ளான் மாணவி ஒருத்தி இவ்வினாவுக்குத் தரும் விடை, உரையாசிரியர் எவரும் எண்ணாத விடையாகவும் இருக்கக்கூடும். ஐந்தடிப் பாடலை மீண்டும் ஒருமுறை படியாமல் இதற்கு விடை எழுத இயலாது. அதற்கு ‘விடை’ என்று பக்கத்தில் ஒரு சொல்லை வைக்கவும் இயலாது. நூலகப் பகுதியில் அப்பாடலும் உரையும் இருக்கின்றன. பாடப்பகுதியோ அவற்றின் சாரத்தைப் பிழிந்து கொடுத்துவிட்டுச் சக்கையை நூலகத்தில் போட்டுவிட்டதுபோல் ஆகிவிட்டது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாணவனை நடத்திச் செல்லும் வழி குறுகியதாகவே உள்ளது.

இக்குறை எல்லாப் பாடங்களுக்கும் ஒரேயளவில் உரியதன்று. இலக்கணப் பாடங்களுக்கு இவ்வமைப்பு ஓரளவு பொருந்திவிடுகிறது. அசையும் சீரும் தளையும் படிப்படியாகக் கற்கத்தக்கவை. அவற்றில் விடையைச் சரிபார்த்துக்கொள்வது பயிற்சியின் ஒரு பகுதியே. கதையும் கவிதையும் அவ்வாறு அளந்து தரத்தக்கன அல்ல. மலேசிய, சிங்கப்பூர், இலங்கைத் தமிழிலக்கியங்களுக்கும் அங்கே இடம் ஒதுக்கப்பட்டமை பரந்த உள்ளத்தைக் காட்டுவது. ஆனால் சங்க இலக்கியத்துக்கு மூலம் நூலகத்தில் இருப்பதுபோல மலேசியச் சிறுகதைக்கு மூலம் எளிதில் கிட்டுவதில்லை. கதையைப் படியாமல் கதையின் வரலாற்றைப் படிக்கும் நிலைக்கு இந்நாட்டு மாணவனே தள்ளப்படுகிறான். இதற்குச் சென்னையைக் குறைகூறுதல் முறையன்று. மூலங்களைத் தேடித் தொகுக்கவேண்டிய கடமை இங்குள்ளோர்க்கே உரியது.

அறிவியலைப் பொறுத்தவரை நிலைமை வேறு. கலை மாணவனுக்குக் கிடைப்பது மிகுதி. குறை அதனைப் பரிமாறும் முறையில். அறிவியல் மாணவனுக்கோ பந்தியே இன்னும் விரிக்கப்படவில்லை.

மலேசியாவில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் முதலாம் ஆண்டுமுதல் ஆறாம் ஆண்டுவரை அறிவியலும் கணிதமும் தமிழில் கற்பிக்கப்படுவதே மரபு. இடைநிலைப்பள்ளிக்குச் சென்றபின் அப்பாடங்கள் மலாய்மொழிக்கு மாறிவிடுகின்றன. 2003-இல் அவ்விரு பாடங்களையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் நடைமுறைக்கு வந்தபோது தமிழ்ப்பள்ளிகளும் அதற்கு உட்பட்டன. அத்திட்டத்தைக் கைவிடுவதென 2009-இல் அரசு முடிவு செய்தது. அதன்பின் பாடங்கள் படிப்படியாகத் தமிழுக்குத் திரும்பின. 2016-இல் இருமொழிப் பாடத்திட்டம் அறிமுகமானதும் சில தமிழ்ப்பள்ளிகள் அதனை ஏற்க, அதுபற்றிய சொற்போர் எழுந்தது. அதனை ஈண்டு விரித்தல் வேண்டா. கருதத்தக்கது இதுவே: 2003-இல் ஏழு வயதில் முதலாம் ஆண்டில் சேர்ந்த குழந்தை இன்று முப்பது வயதை ஒட்டிய இளைஞர். அவர்களுட் சிலர் பயிற்சி பெற்று அதே தமிழ்ப்பள்ளிகளுக்கு ஆசிரியராய் வந்துள்ளனர். தொடக்கப்பள்ளியில் ஆங்கிலத்திலும் பின்னர் மலாயிலும் அறிவியல் கற்ற ஒருவர், தாம் எந்த வகுப்பிலும் தமிழில் கல்லாத பாடத்தைத் தமிழில் கற்பிக்க நிற்கிறார். பாடநூல் ஒன்றே அவர் கையிலுள்ள துணை. பாடநூல் பத்து வயதுக் குழந்தைக்கு எழுதப்பட்டது. ஆசிரியர் தம் ஐயத்தைத் தீர்த்துக்கொள்ள அதற்கு மேலான நூல் வேண்டும். அதனைத் தேடி அவர் இணையத்துக்குச் செல்கிறார்.

அங்கே அவருக்குக் கிட்டுவது என்ன? ஓர் எடுத்துக்காட்டே போதும். பொருளின் அளவைக் குறிக்கும் இரண்டு கருத்துகள் அறிவியலில் வேறுபட்டவை. ஒன்று, பொருளில் அடங்கிய பருப்பொருளின் அளவு. எங்கு சென்றாலும் மாறாதது. மற்றொன்று, அப்பொருளைப் புவி ஈர்க்கும் விசை. நிலாவுக்குச் சென்றால் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகக் குறைவது. தமிழ்நாட்டுப் பாடநூல் முன்னதை நிறை என்றும் பின்னதை எடை என்றும் வழங்குகிறது. இலங்கைப் பாடநூல் முன்னதைத் திணிவு என்றும் பின்னதை நிறை என்றும் வழங்குகிறது. மலேசியத் தமிழ்ப்பள்ளிக் கணித நூலில் பொருண்மை என்ற சொல் பயில்கிறது. நிலாவில் ஒரு பொருளின் நிறை மாறாது என்று எழுதினால் அது சென்னையில் சரி; யாழ்ப்பாணத்தில் தவறு. கிள்ளானில் அது சரியா, தவறா என்று தீர்ப்பளிக்கக்கூடியவர் யார்? இரு நாட்டுப் பக்கங்களையும் மாறிமாறிப் படித்துப் பாடக்குறிப்பு எழுதும் இளம் ஆசிரியர் தம்மை அறியாமலேயே பிழை கற்பிப்பார். தவறு அவருடையதாகாது.

இவ்வாறே உயிரியலில் செல் என்பதும் உயிரணு என்பதும் கலம் என்பதும் ஒன்றே. திசு என்பதும் இழையம் என்பதும் ஒன்றே. வேதியியல் என்ற துறைப்பெயரே இலங்கையில் இரசாயனவியல் ஆகிறது. ஆக்சிஜன், ஒட்சிசன், உயிர்வளி என்னும் மூன்றும் ஒரே வளியின் பெயர்கள். சொல் வேறுபாடு மொழிக்கு இழுக்கன்று. பல நாடுகளில் வாழும் மொழிக்கு அது இயல்பு. தமிழ் வழியில் உயர்நிலைத் தேர்வுவரை இயற்பியலும் உயிரியலும் கற்பித்து வரும் இலங்கையின் சொல்வளத்தை ஒதுக்கிவிடவும் முடியாது. சொல்லோடு அது வழங்கும் இடத்தையும் சேர்த்துச் சொல்லாமையே இணையக் கலைச்சொல் தொகுதிகளின் குறை. ஓர் ஆங்கிலச் சொல்லின் எதிரே ஐந்து தமிழ்ச் சொற்களை நிறுத்தி, எது எந்நாட்டில் எவ்வகுப்பில் எப்பொருளில் ஆளப்படுகிறது என்று கூறாவிடில், அஃது அகராதியாகலாம்; பாடத்துணை ஆகாது.

இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் பெங்களூர் அறிவியற் கழகமும் 2003-இல் தொடங்கிய தேசியத் தொழில்நுட்ப மேம்பாட்டுக் கற்றல் திட்டம் அறிவியல் மாணவர்க்கு ஒரு பெருங்கொடை. அதன் விரிவுரைகள் ஆங்கிலத்தில் நிகழ்த்தப்பட்டவை. அண்மைக் காலத்தில் அவற்றின் எழுத்துவடிவங்கள் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் பெயர்க்கப்பட்டு வருகின்றன. முயற்சி பெரிது, ஆனால் உரைநடை என்ற வகையில் அவற்றை நோக்கினால் ஓர் இடர்ப்பாடு புலனாகும். வகுப்பில் கரும்பலகையைச் சுட்டிப் பேசும் பேராசிரியர், இது, அது, இங்கே, அங்கே என்ற சுட்டுகளால் பாதிச் செய்தியை உணர்த்திவிடுவார். கை சுட்டும் இடத்தைக் கண் காண்பதால் கேட்பவர்க்கு அங்கே குழப்பம் இல்லை. அப்பேச்சை எழுத்தாக்கி, எழுத்தை மொழிபெயர்த்து, பலகையை நீக்கிவிட்டால் எஞ்சுவது சுட்டுப்பெயர்களின் கூட்டம். இப்பொழுது கணினியே மொழிபெயர்க்கவும் வல்லதாகிவிட்டது, பெயர்ப்பு விரைந்தது, சுட்டுகளின் குழப்பம் மட்டும் தானே தீர்ந்துவிடவில்லை.

தமிழில் அறிவியல் கற்பித்தல் புதுமை என்று கருதுவோர் யாழ்ப்பாணத்து மானிப்பாயை நினைதல் தகும். 1847-இல் அங்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், தமிழ் இளைஞர்க்கு மேலைமருத்துவத்தைத் தமிழிலேயே பயிற்றினார். உடற்கூறு, அறுவை மருத்துவம், வேதியியல் ஆகியவற்றில் நூல்களைத் தமிழாக்கி வெளியிட்டார். அவர் வகுத்த சொற்களுட் பல இன்று வழக்கிறந்தன. வடமொழிச் சாயல் மிகுந்தவை என்று குறைகூறுவாரும் உளர். எனினும் அந்நூல்கள் மாணவர் முன்னே நின்று, அவர் முகம் கண்டு, விளங்கிற்றா விளங்கவில்லையா எனச் சோதித்து உருவானவை. கற்றவர்கள் மருத்துவராய்ப் பணியாற்றினார்கள். ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் ஒரு சிற்றூரில் இயன்றது, இத்தனைக் கருவிகளும் கைவந்த காலத்தில் அரிதாயிருப்பதற்குக் காரணம் கருவியில் இல்லை. பாடம் எழுதுபவர்க்கும் படிப்பவர்க்கும் இடையே உள்ள தொலைவிலேயே அது இருக்கிறது.

மலேசியப் பல்கலைக்கழகங்கள் 2014-இல் பெருந்திரள் திறந்த இணையப் பாடங்களைத் தொடங்கின. முதலில் வெளிவந்த நான்கும் எல்லாப் பொதுப் பல்கலைக்கழக மாணவர்க்கும் பொதுவானவை. நாகரிகக் கல்வியும் இன உறவும் அவற்றில் அடங்கும். பின்னர்ப் பாடங்கள் பெருகின. பெரும்பாலானவை மலாயிலும் ஆங்கிலத்திலும் அமைந்தன. நாட்டின் கல்விமொழியில் அவை அமைவது இயல்பே. ஆனால் 1956-இல் தொடங்கப்பட்ட இந்திய ஆய்வியல் துறையும், தமிழாசிரியரைப் பட்டதாரிகளாக்கும் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகமும், ஆசிரியர் பயிற்சிக் கழகங்களும் இருக்கும் நாட்டில், தமிழ் வழியிலான பாடத்துணைக்கு ஆசிரியர் கடல்கடந்து நோக்கவேண்டியிருப்பது வருத்தத்துக்குரியது.

2020 மார்ச்சு 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து பள்ளிகள் அடைபட்டபோது இவ்வெறுமை வெளிப்பட்டது. கல்வி அமைச்சு அவ்வாண்டு ஜூன் திங்களில் டெலிமா என்னும் கற்றல் தளத்தைத் திறந்தது. தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களோ அதற்கு முன்னரே தாமாகப் படவில்லைகள் செய்தனர். வலையொளியில் பாடம் பேசினர். புலனத்தில் பயிற்சித்தாள் அனுப்பினர். இரவில் தம் பிள்ளைகள் உறங்கியபின் அமர்ந்து அவர்கள் உருவாக்கிய அப்பாடங்கள் அழகுத்திறம் குன்றியவையாயினும் உயிர்ப்புடையவை. குழந்தையின் முகத்தை அறிந்தவர் எழுதியவை என்பது ஒவ்வொரு படத்திலும் தெரியும். அவற்றில் இல்லாதது சரிபார்ப்பு. ஒருவர் உயிர்வளி என்றார். மற்றொருவர் பிராணவாயு என்றார். மூன்றாமவர் ஆக்சிஜன் என்றார். மூவரும் ஒரே பாடநூலை வைத்திருந்தவர்கள். அறிவியல் அறிந்த ஒருவரும் தமிழறிந்த ஒருவரும் அருகமர்ந்து அந்தப் படவில்லைகளைத் திருத்தியிருப்பின், பல்கலைக்கழகப் பாடம் எதுவும் எட்டாத பயன் விளைந்திருக்கும். பள்ளிகள் திறந்தபின் அவற்றுட் பல புலனக் குழுக்களின் அடியாழத்தில் புதைந்துவிட்டன.

மீட்டெடுத்தல் இயலாததன்று. பெரும் பொருட்செலவும் வேண்டா. பட்டம் வழங்கும் நிறுவனமும் வேண்டா. தமிழ்ப்பள்ளியின் ஆறாண்டு அறிவியல் பாடத்திட்டத்தில் வரும் கலைச்சொற்களை முதலில் தொகுக்கலாம். ஒவ்வொன்றுக்கும் மலேசிய வழக்கு, தமிழ்நாட்டு வழக்கு, இலங்கை வழக்கு என மூன்று நிரல் இடலாம். அதன்கீழ், ஆசிரியர் தம் ஐயம் நீங்குமளவுக்கு ஒரு பக்க விளக்கம் எழுதலாம். மலாய்ச் சொல்லையும் சேர்த்தால், இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும் மாணவன் முதலாம் படிவத்தில் திகைத்து நிற்கமாட்டான். விளக்கத்தை இயற்பியல் பட்டதாரி எழுதித் தமிழ்த்துறையினர் படித்துப் பார்க்கட்டும். பின்னர் நான்காம் ஆண்டு ஆசிரியர் ஒருவர் வகுப்பில் ஆண்டு பார்த்துத் திருப்பி அனுப்பட்டும். எழுதத் தொடங்க வேண்டிய முதற்பக்கத்துக்கு நிறை என்னும் அந்த ஒரு சொல்லே போதும்.